ஓலை ஓரத்து வெள்ளைக் கோடு

மக்களே, நீ அனுப்பின கல்யாண வீடியோவை டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். போனில் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. பெரிய திரையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வருகிறார்கள். ஒரு பக்கம் பள்ளிவாசல் மினார், இன்னொரு பக்கம் சிந்து யாத்திரை மாதா கோயில், நடுவில் வரிசையாக வள்ளங்கள். இடம் தேர்ந்தெடுத்ததில் உன்னைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்குப் பார்த்து வானம் சாம்பல் நிறத்தில் மூடிக் கிடந்திருக்கிறது. நீ அதை எடுத்துவிட்டு, எங்கிருந்தோ வாங்கின ஆரஞ்சு நிற அந்தி வானத்தை வைத்துவிட்டாய். பின்னால் தெரிந்த புதுத் துறைமுகத்துக் கிரேன்களையும் காணோம்.

தென்னை ஓலை ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு ஓடுகிறது. மினாரின் உச்சியில் பாதி கரைந்துபோய்விட்டது. வானத்தில் சூரியன் கொளுத்துகிறது, தரையில் ஒருத்தருக்கும் நிழல் இல்லை.

"அதையெல்லாம் யாரு பாட்டா பாக்கப்போறா?" என்று போனில் கேட்டாய். யாரும் பார்க்கமாட்டார்கள், வாஸ்தவம்தான். ஆனால் பொண்ணோட அம்மா, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா என்னமோ ஒட்டல" என்று சொன்னதாக நீயே சொன்னாய். அந்த "என்னமோ"தான் நான் சொல்லும் ஓலை ஓரம். பார்க்கிறவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. கண் கண்டுபிடித்துவிடும். இந்தத் தொழிலில் நடுவில் உள்ளதை எவன் வேண்டுமானாலும் வெட்டுவான். ஓரத்தில்தான் கூலி இருக்கிறது. உனக்கு நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதை விளக்குகிற பேச்சு.

நாங்கள் கற்ற காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. சென்னையில் ஒரு ஃபிலிம் லேபின் ஆப்டிகல் பிரிவில் கை நனைத்தவன் நான். எனக்கு முந்தின தலைமுறை அதைவிடக் கஷ்டப்பட்டது. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திர'னில் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1958-இல் எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்ன'னில் இருவராக வந்தார். அதே வருடம் சிவாஜியும் இன்னொரு 'உத்தம புத்திர'னில் இருவராக வந்தார். அந்தக் காலத்தில் ஒரே ஆளை ஒரே ஃபிரேமில் இரண்டு பேராகக் காட்ட மாஸ்க் ஷாட் எடுப்பார்கள். கேமராவுக்கு முன்னால் மேட் பாக்ஸில் கறுப்புத் தகடு வைத்துப் பாதியை மூடிவிடுவார்கள். மூடாத பக்கத்தில் நடிகர் ராஜாவாக நடிப்பார். பிறகு ஃபிலிமைத் தொடங்கின இடத்துக்கே திரும்பச் சுற்றி, தகட்டை மறுபக்கம் மாற்றி, அவரே வேறு உடுப்பு போட்டுவந்து நடிப்பார். இடையில் கேமரா ஒரு நூல் அசைந்தாலும் போச்சு. யாராவது ஸ்டாண்டில் இடித்தால் அத்தனையும் முதலிலிருந்து.

இதில் உனக்குப் பாடம் எங்கே இருக்கிறதென்றால், கோடு எங்கே விழ வேண்டும் என்பதை அவர்கள் படமெடுப்பதற்கு முன்பே முடிவு செய்வார்கள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு தூணோ கதவு நிலையோ திரைச்சீலையோ வருகிறமாதிரி செட்டையே போடுவார்கள். நடிகர் அந்தக் கோட்டைத் தாண்டிக் கை நீட்டக்கூடாது. இருவரும் கட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் ஒருத்தருக்கு முதுகு மட்டும் தெரிகிற டூப். ஒட்டு தெரியாமல் இருந்ததற்குக் காரணம் ஒட்டின திறமை பாதி, ஒட்ட வேண்டிய இடத்தை முன்கூட்டி யோசித்தது பாதி. 1898-லேயே பிரான்ஸில் மெலியெஸ் என்ற சினிமாக்காரர் தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்து வேடிக்கை காட்டியிருக்கிறார். அவருக்கும் தகடு வெறும் கறுப்புப் பின்னணிதான். கறுப்பு ஃபிலிமில் பதியாது, பதியாத இடத்தில் இன்னொன்றைப் பதிக்கலாம். அவ்வளவுதான் சூத்திரம்.

நீ இப்போது செய்வது என்ன? எடுத்துவிட்டு வந்து, "எல்லாம் போஸ்ட்டில் பார்த்துக்கலாம்" என்கிறாய். பொண்ணு மாப்பிள்ளையைத் தென்னைக்கு முன்னால் நிறுத்தாமல் நாலடி தள்ளி அலைத் தடுப்புச் சுவர்ப் பக்கம் நிறுத்தியிருந்தால் ஓலையே வந்திருக்காது. நாலடி நடக்கச் சோம்பல்பட்டதற்கு நாலு ராத்திரி கண் விழித்திருக்கிறாய்.

சரி, எடுத்தது எடுத்தாச்சு. ஓலைக்கு வருவோம்.

மாஸ்க் என்பது நீ பேனா டூலை வைத்து வரைகிற வேலி. மேட் என்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை இருக்கிற இடத்தில் லேயர் தெரியும், கறுப்பில் தெரியாது, சாம்பலில் பாதி தெரியும். இந்தச் சாம்பலைத்தான் ஜனங்கள் கவனிப்பதில்லை. 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர், சிவப்பு, பச்சை, நீலம் என்கிற மூன்று சானலோடு நாலாவதாக ஒன்றைச் சேர்த்துப் படத்துக்குள்ளேயே வைத்தார்கள். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெரிய வேண்டும் என்று 0 முதல் 255 வரை ஓர் எண். 1984-இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் அந்த எண்ணை வைத்து ஒரு படத்தின்மேல் இன்னொன்றை எப்படியெல்லாம் சேர்க்கலாம் என்று கணக்கு எழுதி வைத்தார்கள். நீ தட்டுகிற ஒவ்வொரு லேயரும் இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. நாலு பேருக்கும் சேர்த்து 1996-இல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது. ஒரு நடிகருக்குக் கிடைத்திருந்தால் ஊரே பேசியிருக்கும்.

ஓலை நுனியில் ஒரு பிக்சலை நானூறு சதவிகிதம் பெரிசாக்கிப் பார். அது முழுசாகப் பச்சையும் இல்லை, முழுசாக வானமும் இல்லை. அறுபது பங்கு ஓலை, நாற்பது பங்கு சாம்பல் வானம் என்று கலந்து கிடக்கும். நீ மேட்டில் அதற்கு அறுபது சதவிகிதம் சரியாகத்தான் கொடுத்திருப்பாய். ஆனாலும் வெள்ளைக் கோடு வரும். ஏன்? அந்தப் பிக்சலின் நிறத்துக்குள்ளேயே பழைய வானத்தின் பங்கு இருக்கிறது. அதைக் கழிக்காமல் புது வானத்தின்மேல் வைத்துவிட்டாய். இருட்டின ஆரஞ்சு வானத்துக்கு முன்னால் பழைய வெளிறின வானம் கோடாக நிற்கிறது. பழைய கம்பெனிக் கோபத்தைக் கழிக்காமல் புதுக் கம்பெனியில் போய் உட்காருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேச்சின் ஓரத்திலும் இந்தக் கோடு தெரியும்.

எல்லாரும் செய்கிற வேலை, மேட்டை உள்பக்கம் இழுத்துச் சுருக்குவது. கோடு போய்விடும். கூடவே ஓலையின் நுனியும் போய்விடும். மெல்லிய ஓலை மொத்தைத் துடைப்பமாகிவிடும். ஆளின் முடியிலும் இதுதான் நடக்கும். நெற்றியோரம் பறக்கிற முடி போனால் ஆள் மொட்டையடித்த பொம்மைமாதிரி ஆகிவிடுவார். நீ அப்படிச் செய்யாதே. நீல சானலை மட்டும் தனியாக எடுத்துப் பார். பச்சை ஓலை நீலத்தில் கறுத்துத் தெரியும், மேகம் மூடின வானம்கூட வெளுத்துத் தெரியும். அந்த வித்தியாசத்தை லெவல்ஸில் கொஞ்சம் கூட்டி, கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கி, லூமா மேட்டாக வை. கூட்டும்போது கை நிதானம் வேண்டும். வெள்ளையையும் கறுப்பையும் முறுக்கிவிட்டால் நடுவில் உள்ள சாம்பலெல்லாம் செத்துவிடும், ஓலை ரம்பப் பல்லாகிவிடும். பிறகு ஓரத்தை மட்டும் தனியாகப் பிரித்து, அதன் நிறத்தை உள்ளே இருக்கிற ஓலையின் நிறத்துக்குக் கொண்டுவா. பழைய வானம் கழிந்துவிடும்.

இதே வழியை மினாருக்குச் செய்யாதே. அங்கேதான் உனக்கு உச்சி கரைந்தது. வெளுத்த வானத்துக்கு முன்னால் வெளுத்த மினார். லூமா மேட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குப் பேனா டூலை எடுத்து, நேர் கோட்டில் கையால் மாஸ்க் போடு. ஃபெதர் ஒரு பிக்சல், அதிகம் போனால் இரண்டு. கட்டடத்துக்குக் கட்டடத்தின் ஓரம், ஓலைக்கு ஓலையின் ஓரம். கீழே வள்ளத்தின் வெள்ளைப் பெயின்ட்டும் மேட்டில் வானம்போலத் தெரியும். அதைச் சுற்றி முரட்டுத்தனமாக ஒரு மாஸ்க் போட்டு ஒதுக்கிவிடு. அதைத்தான் கார்பேஜ் மேட் என்பது. இதில் நுணுக்கம் பார்க்காதே. நான் பார்த்த நல்ல ஆர்ட்டிஸ்டுகள் எல்லாரும் வேலையைத் தொடங்கும்போது முதல் பத்து நிமிஷத்தில் பெரும் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தள்ளுவார்கள். நிதானம் என்பது கைவசம் அளவோடுதான் இருக்கும். வேண்டாத இடத்தில் செலவழித்தவனுக்கு ஓரத்துக்கு வரும்போது ஒன்றும் மிஞ்சாது. நேரம், பணம், கோபம் மூன்றிலும் எனக்கு இந்தக் கணக்கு உதவியிருக்கிறது.

அடுத்த தடவை இங்கே வரும்போது விழிஞ்ஞம் குடைவரைக் கோயிலுக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன். 8-ஆம் நூற்றாண்டு வேலை. உள்ளே வீணாதர தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் சிவனும் பார்வதியும், பாதியில் நின்றுபோன சிற்பம். முடிந்த சிற்பத்தைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும். சிற்பி எங்கே பாறையை வெட்டித் தள்ளினான், எங்கே கையை மெதுவாக்கினான் என்று படித்துவிடலாம்.

வீடியோவின் கடைசியில் கரையில் நின்று கரமடி வலை இழுக்கிறவர்கள் வருகிறார்களே, அவர்களைத் தனியாக வெட்டி வைத்த விதம் இன்னும் மோசம். அது அசைகிற ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கிற ரோட்டோ வேலை, இன்னும் பொறுமை கேட்கும். ஒரு ஆளைச் சுற்றி ஒரே மாஸ்க் போட்டு, ஃபிரேமுக்கு ஃபிரேம் புள்ளிகளை நகர்த்தியிருக்கிறாய். அதனால்தான் ஆள் ஓரமெல்லாம் கொதிக்கிறமாதிரி துடிக்கிறது. தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று, முழங்கையிலிருந்து கை வரை ஒன்று என்று பிரித்துப் போடு. தலை ஒருமாதிரி அசையும், கை வேறுமாதிரி அசையும். எல்லாத்தையும் ஒரே வேலிக்குள் அடைத்தால் ஒன்றும் சரியாக வராது. பிறகு இழுப்பைக் கவனி. கயிற்றை இழுத்துப் பின்னால் சாய்கிற உச்சத்தில் ஒரு கீஃப்ரேம், முன்னால் குனிந்து கயிற்றைப் பிடிக்கிற இடத்தில் ஒரு கீஃப்ரேம். நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்பட்டும். அப்புறம் ஓட்டிப் பார்த்து, எங்கே விலகுகிறதோ அங்கே மட்டும் ஒன்று சேர். குறைவாக வைத்தால் மென்மையாக ஓடும். ஒவ்வொரு நாளும் தன் வாழ்க்கையைத் திருத்திக்கொண்டே இருக்கிற பையன்களையும் இப்படித்தான் பார்க்கிறேன். இன்றைக்கு எடிட்டிங், நாளைக்குக் கலரிங், மறுநாள் யூடியூப். திரும்புகிற இடத்தில் மட்டும் முடிவெடு. நடுவில் கொஞ்சம் ஓட விடு.

அலை நுரைக்கு மாஸ்க் போட்டு மல்லுக்கட்டாதே. முடியாது. அதைக் கடலோடு சேர்த்து விட்டுவிடு.

ஒரு பழக்கம் மட்டும் பிடித்துக்கொள். கலர் படத்தைப் பார்த்து மேட்டைத் தீர்மானிக்காதே. ஆல்ஃபாவை மட்டும் கறுப்பு வெள்ளையில் போட்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை ஓட விடு. அழகான முகமும் பட்டுச் சேலையும் கண்ணை மயக்கும். கறுப்பு வெள்ளையில் பொத்தலெல்லாம் பல்லிளிக்கும். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் எங்கேயாவது லேசாகச் சாம்பல் தட்டினால் மாப்பிள்ளையின் நெஞ்சு வழியாகப் புது வானம் தெரிகிறது என்று அர்த்தம். உன் வீடியோவில் தெரிகிறது. போய்ப் பார்.

நிழல் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மேட் எத்தனை சுத்தமாக இருந்தாலும், மூடின வானத்தின் நிழலில்லாத வெளிச்சத்துக்குப் பின்னால் அந்திச் சூரியனை வைத்தால் ஒட்டாது. சாம்பல் வானத்துக்குப் பதிலாக இன்னும் அழகான சாம்பல் வானத்தை வைத்திருக்கலாம். நீலம் ஓடின மழை மேகம், கீழே ஒரு கீற்று வெளிச்சம். பொண்ணோட அம்மா அழுதிருப்பாள், சந்தோஷத்தில்.

இப்போது பிழைப்பைப் பற்றி. இந்தக் கம்ப்யூட்டரே எல்லாம் வெட்டித் தருமே, ஏன் ரோட்டோ கற்கணும் என்கிறாய். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 2010-லேயே ரோட்டோ பிரஷ் வந்துவிட்டது. இப்போது ஏ.ஐ. ஒரு கிளிக்கில் ஆளைப் பிரித்துக் கொடுக்கிறது. கொடுக்கட்டும், வாங்கிக்கொள். அது நடுவை வெட்டித் தருகிறது. முடி, வலைக்கண்ணி, ஓலை நுனி, நகரும் கையின் மங்கல், இவற்றில் இன்னும் தடுமாறுகிறது. நாளைக்கு அதுவும் சரியாகலாம். அப்போதும் எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் கையால் வெட்டினவனுக்குத்தான் வரும். வசதி இருந்தால் திருவல்லத்தில் சித்ராஞ்சலி குன்றில் இருக்கிற சி-டிட் நிறுவனத்தில் என்ன வகுப்பு நடக்கிறது என்று விசாரி. காசு இல்லையென்றால் பிளெண்டரும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் போதும். நல்ல மென்பொருள் இல்லாததால் முன்னுக்கு வராமல் போனவனை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஆனால் இந்தத் தொழிலில் வேலை தெரிவதும் சோறு கிடைப்பதும் ஒன்றில்லை என்பதையும் தெரிந்துகொள். 2012-இல் வந்த 'லைஃப் ஆஃப் பை', நம்ம புதுச்சேரிப் பையன் கதை. அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவாலானது. அதே மாதம் அந்தப் படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர். மேடையில் நன்றி சொன்னவர் நிறுவனத்தின் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினதும் பாட்டைப் போட்டு மைக்கை அடைத்தார்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் மூடினபோது பெங்களூரிலும் மும்பையிலும் நம்ம பிள்ளைகள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். ஆகவே அட்வான்ஸ் வாங்காமல் தொடாதே. எத்தனை தடவை திருத்தித் தருவாய் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள். வெட்கப்படாதே. வெட்கப்பட்டவர்கள்தான் ராத்திரி மூன்று மணிக்கு ஏழாவது திருத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக அந்தக் கிரேன்கள். நம்ம வீட்டு மாடியில் நின்றால் தெரிகிறவை. 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற பெரிய சரக்குக் கப்பல் முதன்முதலாக வந்தபோது ஊரே கரையில் நின்று பார்த்தது. 2025 மே 2 அன்று பிரதமர் வந்து துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதற்கு முன்னால் 2022 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை இதே கரையில் மீனவர்கள் அந்தத் துறைமுகப் பணியை எதிர்த்துப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கடற்கரையைப் படமெடுக்கிற ஒருத்தனுக்குக் கிரேன் வேண்டாம், வள்ளம் மட்டும் வேண்டும். இன்னொருத்தனுக்கு வள்ளம் வேண்டாம், கிரேன் மட்டும் வேண்டும். இரண்டு பேரும் உன்னைப்போல ஒரு பையனைத்தான் தேடி வருவார்கள். இரண்டு பேரும் நல்ல ரேட் பேசுவார்கள்.

மாஸ்க்கின் நல்ல குணம், அது எதையும் அழிப்பதில்லை. மறைக்கிறது, அவ்வளவுதான். மாஸ்க்கை எடுத்தால் அடியில் உள்ளது அப்படியே இருக்கும். அந்தக் குணம் உன்னிடமும் இருக்கட்டும். கிரேனை எடுத்த வீடியோவைக் கொடுத்துவிட்டு ஒரிஜினல் ரஷ்ஷை அழித்துவிட்டால், நீ மறைக்கவில்லை, இல்லாமலே ஆக்கிவிட்டாய். எடுத்த ஃபைலை இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு வை. கல்யாண வீடியோவில் கிரேனைத் தாராளமாக எடு. அது அவர்கள் நாள், அவர்கள் ஆசை. பொண்ணு வீட்டார் சண்டை போட்ட சித்தப்பாவை ஃபிரேமிலிருந்து எடுக்கச் சொன்னால், எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் இருக்கிற பிரதியையும் பென் டிரைவில் போட்டுக் கொடு. பத்து வருஷம் கழித்துக் கேட்பார்கள். செய்திக்கோ ஆவணப் படத்துக்கோ, வழக்குக்குக் காட்டப்போகிற வீடியோவுக்கோ யாராவது கிரேனை எடுக்கச் சொன்னாலும், வள்ளத்தை எடுக்கச் சொன்னாலும், எவ்வளவு கொடுத்தாலும் அந்த வேலையைத் தொடாதே.